ஏ.டி.வி. வாங்கும் முன் தோட்டத்தைப் பாருங்கள்

ஐந்து, பத்து ஏக்கர் செம்பனை வைத்திருப்பவர்கள் கூடினால் இப்போது தவறாமல் வரும் பேச்சு, “ஒரு ஏ.டி.வி. வாங்கிப் போட்டால் என்ன?” என்பதுதான். அதில் நியாயமும் இருக்கிறது. 10 முதல் 14 நாளுக்கு ஒருமுறை பழம் வெட்ட வேண்டும். முதிர்ந்த மரத்தின் குலை 15, 20 கிலோவை எளிதாகத் தாண்டும். அதைத் தள்ளுவண்டியில் வைத்து மேட்டில் தள்ளியவருக்குத்தான் முதுகுவலி தெரியும்.

ஆனால் கடைக்குப் போனால் முதலில் சி.சி. கணக்குதான் பேசுவார்கள். நீங்கள் கேட்க வேண்டியது வேறு: எவ்வளவு சுமக்கும், எவ்வளவு இழுக்கும்? 400 சி.சி. அளவுள்ள வேலை வண்டியிலேயே முன் தட்டு 40 கிலோ, பின் தட்டு 80 கிலோ அளவில்தான் தாங்கும். அதாவது பின்னால் நான்கு குலை. ஆகவே பழம் ஏற்ற இழுவைப் பெட்டி கட்டாயம் வேண்டும். அதற்கும் சேர்த்துத்தான் பணம் ஒதுக்க வேண்டும். பெட்டியை வண்டியின் அடியில் உள்ள கொக்கியில்தான் மாட்ட வேண்டும். பின் தட்டில் கயிறு கட்டி இழுத்தால், மேட்டில் முன்சக்கரம் எழும்பி வண்டி ஓட்டுபவர் மேலேயே மல்லாந்து விழும்.

சமதளத் தோட்டம், காய்ந்த மண் என்றால் பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டியே போதும். பாகான் டத்தோ பக்கம் போல் மழை பெய்தால் வழுக்கும் களிமண் என்றாலோ, மேடு பள்ளம் என்றாலோ, நான்கு சக்கரமும் இழுப்பதை வாங்குங்கள். மலைச்சரிவாக இருந்தால், என்னைக் கேட்டால், ஏ.டி.வி.யே வேண்டாம், மோட்டார் பொருத்திய தள்ளுவண்டி மேல்.

காரணம், இது கவிழும் வண்டி. வேலை வண்டி ஒன்று 250 கிலோவுக்கு மேல் இருக்கும். பல வண்டிகளில் பின்சக்கரம் இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றுவதால், வளைவில் வண்டி நேராகவே போகப் பார்க்கும். ஓட்டுபவர் உடம்பைச் சாய்த்துத் திருப்ப வேண்டும். மோட்டார் சைக்கிள் பழக்கம் இங்கே உதவாது. ஆஸ்திரேலியாவில் 2021 அக்டோபர் முதல், பொது உபயோகத்துக்கு விற்கும் புதிய வண்டிகளில் கவிழ்ந்தால் காக்கும் தடுப்புச் சட்டம் இருந்தாக வேண்டும். இங்கே வாங்கும்போதும் அதைப் பொருத்தித் தர முடியுமா என்று கேளுங்கள். ஒற்றை இருக்கை வண்டியில் பின்னால் ஆள் ஏற்றாதீர்கள். விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகள் ஆசைப்பட்டாலும், 16 வயதுக்குக் கீழ் உள்ளவர் கையில் பெரிய வண்டியின் சாவியைக் கொடுக்கவே கூடாது.

இன்னொன்று. ஏ.டி.வி.யைப் பொதுச் சாலையில் ஓட்ட அனுமதியில்லை என்று சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜே பலமுறை எச்சரித்திருக்கிறது. வீட்டுக்கும் தோட்டத்துக்கும் நடுவே பொதுச் சாலை இருந்தால், “கொஞ்ச தூரம்தானே” என்ற கணக்கு செல்லாது. லோரியில் ஏற்றிக்கொண்டு போங்கள், அல்லது தோட்டத்திலேயே பூட்டி வைக்க இடம் பாருங்கள்.

பழைய வண்டி என்றால், சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் போயிருக்கும். எஞ்சின் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. அடிச்சட்டத்தில் புதுப் பற்றவைப்பு தெரிந்தால் காரணம் கேளுங்கள். கியர் மாற்றத் தேவையில்லாத வண்டியில், மேடு ஏறி இறங்கியதும் ரப்பர் கருகும் வாடை வந்தால் பெல்ட் முடிந்துவிட்டது. இவ்வண்டிக்கு மோட்டாருக்கு உள்ளது போன்ற கிராண்ட் இருக்காது என்பதால், எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் எழுதிய ரசீது இல்லாமல் பணத்தைக் கொடுக்காதீர்கள். பெல்ட்டும் பிரேக் கட்டையும் உங்கள் ஊர்ப் பட்டறையில் கிடைக்குமா என்பதையும் அன்றே விசாரித்துவிடுங்கள்.