ரயில் தாமதமானால் பணம், காகிதம் தவறினால் சிக்கல்: ஐரோப்பாவில் ஒரு வார ஊர்சுற்றல்

மே மாதமோ ஜூன் மாதமோ வரும் பெந்தெகொஸ்தே வாரத்தில் ஜெர்மனியின் சில பல்கலைக்கழகங்களில் வகுப்பு கிடையாது. டிரெஸ்டனிலும் ஸ்டுட்கார்ட்டிலும் அப்படித்தான். அங்கே முதுகலை படிக்கும் நம் பிள்ளைகள் இரண்டு மாதம் முன்பே வாட்ஸ்அப் குழு தொடங்கிவிடுவார்கள். டிரெஸ்டனில் ரயில் ஏறினால் இரண்டரை மணி நேரத்தில் பிராக். அங்கிருந்து வியன்னா, அடுத்து பிராட்டிஸ்லாவா, கடைசியாக புடாபெஸ்ட். எந்த ஹாஸ்டலில் படுக்கை இரண்டு யூரோ குறைவு, எங்கே சமையலறை உண்டு, புளிக்காய்ச்சல் பாட்டிலை யார் சுமப்பது என்று எல்லாம் பேசி முடிவாகும். டிக்கெட்டின் அடியில் பொடி எழுத்தில் இருப்பதை மட்டும் ஒருவரும் படிப்பதில்லை.

ரயில் இரண்டு மணி நேரம் தாமதமாகும். பாதி டிக்கெட் பணம் திரும்ப வர வேண்டும். "விடுடா, வந்த ஊர்ல எதுக்கு வம்பு, நாளைக்கு விசாவை நீட்டிக்கும்போது ஏதாவது சொல்லிடப் போறாங்க" என்று விட்டுவிடுவார்கள். இந்தப் பயத்துக்கு அடிப்படையே இல்லை. ரயில் நிறுவனத்திடம் இழப்பீடு கேட்பதற்கும் விசாவுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பயணிகள் உரிமைச் சட்டங்கள் பயணியின் குடியுரிமையைக் கேட்பதே இல்லை. கையில் என்ன டிக்கெட் என்பதுதான் கேள்வி. இதற்கு நேர்மாறானது எல்லைச் சட்டம். அது பாஸ்போர்ட்டையும் குடியிருப்பு அட்டையையும் மட்டுமே பார்க்கும். நம் பிள்ளைகள் பயப்பட வேண்டாத இடத்தில் பயந்து, பயப்பட வேண்டிய இடத்தில் அசட்டையாக இருக்கிறார்கள்.

அந்த இரண்டாவதிலிருந்தே தொடங்கலாம். ஜெர்மனி தந்த குடியிருப்பு அட்டையும் செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டும் இருந்தால், மற்ற ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளிலும் 90 நாள் வரை தனி விசா இல்லாமல் சுற்றலாம். இரண்டும் அசலாகக் கையில் இருக்க வேண்டும். போனில் இருக்கும் படம் கணக்கில் வராது. ஷெங்கனும் ஐரோப்பிய ஒன்றியமும் ஒன்றல்ல என்பதும் நினைவில் இருக்கட்டும். சுவிட்சர்லாந்து ஒன்றியத்தில் இல்லை, ஷெங்கனில் உண்டு. அயர்லாந்தும் சைப்ரஸும் ஒன்றியத்தில் உண்டு, ஷெங்கனில் இல்லை. பிரிட்டனுக்குத் தனி விசா. ருமேனியாவுக்கும் பல்கேரியாவுக்கும் நில எல்லைச் சோதனை 2025 ஜனவரி 1 முதல் நீங்கிவிட்டதால் அந்தப் பக்கமும் இப்போது போகலாம்.

எல்லையில் யாரும் பார்க்க மாட்டார்கள் என்பது பழைய கதை. 2024 செப்டம்பர் 16 முதல் ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனையைக் கொண்டுவந்தது. பிராகிலிருந்து திரும்பும் ரயிலில் செக் எல்லை தாண்டியதும் பாட் ஷாண்டாவ் பக்கம் கூட்டாட்சிப் போலீசார் ஏறிப் பெட்டி பெட்டியாக வருவார்கள். அட்டையை அறையில் வைத்துவிட்டு வந்தவர் அந்த இடத்தில் இறங்கி விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

உண்மையிலேயே ஆபத்தில் இருப்பவர்கள் அட்டை காலாவதியாகி, நீட்டிப்புக்கு விண்ணப்பித்துக் காத்திருப்பவர்கள். வெளிநாட்டினர் அலுவலகம் அவர்களுக்கு ஓர் இடைக்காலச் சான்று தரும். மாணவர் பேச்சில் அது 'ஃபிக்ஷன்'. மடித்துத் தரும் அந்தத் தாளின் உள்ளே சில சிறு கட்டங்கள் உண்டு. ஏதாவது ஒன்றில்தான் பேனாவோ அச்சோ குறி போட்டிருக்கும். குடியிருப்புச் சட்டத்தின் 81-ஆம் பிரிவு, 4-ஆம் உட்பிரிவு என்ற கட்டத்தில் குறி இருந்தால், பழைய அனுமதியே தொடர்வதாகப் பொருள். நாட்டை விட்டு வெளியே போய்த் திரும்ப வழி உண்டு. 3-ஆம் உட்பிரிவில் குறி இருந்தால் அந்தத் தாள் ஜெர்மனிக்குள் இருக்க மட்டுமே இடம் தருகிறது. அதை வைத்துக்கொண்டு எல்லை தாண்டினால் திரும்பி நுழைய அது உதவாது. இரண்டு தாளும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். "எனக்கும் இதேதான் கொடுத்தாங்க, நான் பாரிஸ் போய்ட்டு வந்தேன்" என்று சீனியர் சொன்னால் அவருடைய கட்டம் எது என்று கேளுங்கள். 4-ஆம் உட்பிரிவு உள்ளவர்களும் காலாவதியான அட்டையைத் தூக்கிப் போடாமல் கூடவே வைத்துக்கொள்வதும், கிளம்பும் முன் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுப் பதிலை வாங்கிவிடுவதும் நல்லது.

இனி ரயில். ஒன்றியத்தின் புதிய ரயில் பயணிகள் விதிகள் 2023 ஜூன் 7-இல் நடைமுறைக்கு வந்தன. சேரும் இடத்தை 60 முதல் 119 நிமிடம் வரை தாமதமாக அடைந்தால் டிக்கெட் விலையில் 25 சதவீதம். 120 நிமிடமும் அதற்கு மேலும் என்றால் 50 சதவீதம். நாற்பது யூரோ டிக்கெட்டில் இருபது யூரோ திரும்ப வரும். மாணவர் வீட்டில் அது ஒரு வார மளிகை. பெருவெள்ளம், கடும் புயல் போன்றவை காரணம் என்றால் இழப்பீடு கிடையாது, ஆனால் டிக்கெட் பணத்தைத் திரும்பப் பெறுவதா அடுத்த ரயிலில் போவதா என்று தேர்வு செய்யும் உரிமை அப்போதும் உண்டு. அதிகம் பேருக்குத் தெரியாத ஒன்று: ரயில் ரத்தாகியோ இணைப்பு தவறியோ, புறப்பட வேண்டிய நேரத்திலிருந்து 100 நிமிடத்துக்குள் மாற்று வழி என்ன என்று நிறுவனம் சொல்லாவிட்டால், நீங்களே வேறு ரயிலிலோ பஸ்ஸிலோ டிக்கெட் எடுத்துக்கொண்டு நியாயமான செலவை அவர்களிடம் வசூலிக்கலாம். டாக்சி இதில் வராது.

இந்த உரிமை எல்லாம் நிற்பதும் விழுவதும் டிக்கெட் எடுக்கும் அந்த ஐந்து நிமிடத்தில்தான். பிராகிலிருந்து வியன்னாவுக்கு ஒரு டிக்கெட்டை ஒரு தளத்திலும், வியன்னாவிலிருந்து புடாபெஸ்டுக்கு இன்னொன்றை வேறு தளத்திலும் எடுத்தால் ஆறு யூரோ மிச்சமாகலாம். முதல் ரயில் 50 நிமிடம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால்? முதல் நிறுவனத்தைக் கேட்டால் 60 நிமிடம் ஆகவில்லை என்பார்கள். இரண்டாவது நிறுவனத்தைக் கேட்டால் எங்கள் ரயில் சரியான நேரத்துக்குப் போனது என்பார்கள். இரண்டு பேர் சொல்வதும் சட்டப்படி சரி, நடுவில் நிற்பவர் புது டிக்கெட் எடுக்க வேண்டியதுதான். ஒரே ரயில் நிறுவனத்திடம் ஒரே கொள்முதலில் எடுத்திருந்தால் பொதுவாக மொத்தமும் ஒரே பயணமாகக் கருதப்படும். கடைசி ஊருக்கு எத்தனை மணிக்குச் சேர்ந்தீர்கள் என்பதை வைத்தே கணக்கு. இடைத்தரகுச் செயலியில் எடுத்தால் 'இவை தனித்தனி ஒப்பந்தங்கள்' என்ற வரி எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். அப்படிச் சொல்லாமல் செயலியே டிக்கெட்டுகளைக் கோர்த்து விற்று இணைப்பு தவறினால், விற்றவர் முழுப் பணத்தையும் அதற்கு மேல் 75 சதவீதத்தையும் தர வேண்டும். அந்த வரியைப் பெரும்பாலான செயலிகள் போட்டு வைத்திருப்பது இதனால்தான்.

இரவு பஸ்ஸின் சட்டம் இவ்வளவு தாராளம் இல்லை. தாமதமாகச் சேர்ந்ததற்கு இழப்பீடு கிடையாது. புறப்பாடு 120 நிமிடத்துக்கு மேல் தள்ளிப்போனாலோ ரத்தானாலோ, பணத்தைத் திருப்பித் தருவதா மாற்று வண்டியா என்று கேட்டாக வேண்டும். கேட்காமல் கைவிட்டால் டிக்கெட் விலையோடு அதில் பாதியும் சேர்த்துத் தர வேண்டும். இதெல்லாம் 250 கிலோமீட்டரும் அதற்கு மேலும் ஓடும் தடங்களுக்கு. அது நீங்கள் போகும் தூரம் அல்ல, பஸ் ஓடும் மொத்தத் தடம். வியன்னாவில் ஏறி எண்பது கிலோமீட்டரில் பிராட்டிஸ்லாவாவில் இறங்கினாலும், வண்டி பிராகிலிருந்து புடாபெஸ்ட் போவதென்றால் உங்களுக்கும் உரிமை உண்டு.

விமானத்தில் நிலைமை தலைகீழ். முப்பது யூரோ டிக்கெட்டுக்கு 250 யூரோ கிடைக்கும். 1500 கிலோமீட்டருக்குள் பறக்கும் விமானம் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகச் சேர்ந்தால், அல்லது 14 நாளுக்குக் குறைவான அவகாசத்தில் ரத்தானால், இந்தத் தொகை. மோசமான வானிலை, வான்வழிக் கட்டுப்பாட்டாளர்களின் வேலைநிறுத்தம் போன்றவை விலக்கு. வழக்கமான இயந்திரக் கோளாறு விலக்கில் வராது என்று ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நீங்கள் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டால் தவிர, பணத்துக்குப் பதில் வவுச்சரைத் தள்ளிவிட முடியாது. ஊருக்கு வரும்போதும் இது பொருந்தும். ஃபிராங்ஃபர்ட்டிலிருந்து சென்னைக்குக் கிளம்பும் விமானம் எந்த நாட்டு நிறுவனத்துடையதானாலும் சட்டத்துக்கு உட்பட்டது, தொகை 600 யூரோ. சென்னையிலிருந்து போகும்போது ஐரோப்பிய நிறுவனமாக இருந்தால் மட்டுமே. வளைகுடா நிறுவனத்தில் திரும்பிப் போகிறவர்களுக்கு அந்தத் திசையில் இந்தச் சட்டம் துணை வராது.

நகரத்துக்குள் தவறு பெரும்பாலும் நம் பக்கமே. பிராகிலும் புடாபெஸ்டிலும் வியன்னாவிலும் காகித டிக்கெட்டை வாங்கினால் போதாது, இயந்திரத்தில் செருகி முத்திரை குத்த வேண்டும். குத்தாத டிக்கெட், டிக்கெட்டே இல்லாததற்குச் சமம். பரிசோதகர் சாதா உடையில் வருவார். அவருடைய அடையாள வில்லையைக் காட்டச் சொல்லவும், கட்டிய அபராதத்துக்கு ரசீது கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஜெர்மனியில் அபராதம் 60 யூரோ. உங்கள் பெயரில் உள்ள மாத டிக்கெட் இருந்தும் போன் அணைந்துவிட்டதால் காட்ட முடியவில்லை என்றால், பிறகு அதைக் காட்டினால் பெரும்பாலான ஊர்களில் 7 யூரோவாகக் குறையும். மாட்டியதும் அறுபதைக் கட்டிவிட்டு வருகிறவர்களே அதிகம். ஆனால் திரும்பத் திரும்ப டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் அங்கே அது குற்ற வழக்காகலாம். விசா பற்றிக் கவலைப்பட வேண்டிய இடம் இது.

பிராகின் பழைய நகரச் சதுக்கத்தைச் சுற்றிப் பணமாற்றுக் கடைகள் மண்டிக் கிடக்கின்றன. 'கமிஷன் இல்லை' என்ற பலகைக்குப் பின்னால் மோசமான மாற்று விகிதம் ஒளிந்திருக்கும். ஏமாந்துவிட்டால் ஒரு வழி உண்டு: செக் சட்டப்படி 2019 ஏப்ரல் முதல், 1000 யூரோ மதிப்பு வரையிலான மாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம். ரசீது வேண்டும். கார்டு தேய்க்கும்போது இயந்திரம் யூரோவிலா உள்ளூர் நாணயத்திலா என்று கேட்டால் உள்ளூர் நாணயத்தையே அழுத்துங்கள். தெருவில் வந்து "போலீஸ், பர்ஸைக் காட்டு" என்பவரிடம் பர்ஸைக் கொடுக்காதீர்கள். 112-ஐ அழைக்கிறேன் என்று சொன்னாலே பாதிப் பேர் நகர்ந்துவிடுவார்கள். பர்ஸ் போயே போய்விட்டால் ஜெர்மன் வங்கி கார்டுகளை முடக்க 116 116 என்ற எண் உண்டு, வெளிநாட்டிலிருந்து முன்னால் +49 சேர்க்க வேண்டும். முடக்கச் சொன்ன பிறகு திருடன் எடுத்தது வங்கியின் பொறுப்பு. அதற்கு முன் எடுத்ததில் உங்கள் பங்கு அதிகபட்சம் 50 யூரோ, பின் எண்ணைக் கார்டிலேயே எழுதி வைப்பது போன்ற அசட்டை செய்யாதவரை.

பயணத்துக்கு முன் மருத்துவ அட்டையைத் திருப்பிப் பாருங்கள். அரசுக் காப்பீட்டில் உள்ளவர்களுக்கு அதன் பின்புறமே ஐரோப்பிய சுகாதார அட்டை. உங்கள் பெயர், பிறந்த தேதி இருந்தால் செல்லும், வெறும் நட்சத்திரக் குறிகளாக இருந்தால் செல்லாது. செல்லும் அட்டையிலும் நம்மவர்களுக்கு ஒரு ஓட்டை உண்டு. ஒன்றிய நாடுகளின் குடிமக்கள் அல்லாதவர்களுக்கு டென்மார்க், நார்வே, ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைன், சுவிட்சர்லாந்து ஆகியவற்றில் அது உதவாது. ஜெர்மன் நண்பனுடன் ஆல்ப்ஸ் ஏறப் போகிறவர், அவனிடமும் இதே அட்டைதானே இருக்கிறது என்று நம்பிப் போய்விடக் கூடாது. தனியார் காப்பீட்டில் உள்ளவர்களுக்கு இந்த அட்டையே கிடையாது. எப்படியானாலும் பயணக் காப்பீடு தனியாக எடுத்துவிடுங்கள்.

பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் உள்ளூர் போலீசில் புகார் எழுதி வாங்குங்கள். மேலே சொன்ன நான்கு தலைநகரங்களிலும் இந்தியத் தூதரகம் உண்டு. அவசரச் சான்று தருகிறோம் என்றால் கொஞ்சம் பொறுங்கள். அது இந்தியாவுக்குத் திரும்புவதற்கான தாள், படிப்பைத் தொடர ஜெர்மனி போவதற்கானது அல்ல. புதிய பாஸ்போர்ட் எவ்வளவு நாளாகும், அதுவரை குடியிருப்பு அட்டையோடு எப்படித் திரும்புவது என்று தூதரகத்திலும் அங்குள்ள ஜெர்மன் தூதரகத்திலும் கேட்ட பிறகே முடிவெடுங்கள்.

இழப்பீட்டுக்கு முதல் மனு எப்போதும் அந்த நிறுவனத்துக்கே. ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் மூன்று மாதத்துக்குள் எழுத வேண்டும். அறிவிப்புப் பலகையைப் படம் எடுத்து வையுங்கள், டிக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள். நிறுவனம் மறுத்தாலோ வாயே திறக்காவிட்டாலோ, பெர்லினில் பயணிகளுக்கான சமரச அமைப்பு இருக்கிறது, கட்டணம் இல்லை. வேறு நாட்டு நிறுவனத்தோடு வழக்கு என்றால் கெல் நகரில் உள்ள ஐரோப்பிய நுகர்வோர் மையம் இலவசமாக எழுதித் தரும். இரண்டும் இருக்கும்போது இழப்பீட்டில் கணிசமான பங்கைக் கமிஷனாக எடுத்துக்கொள்ளும் இணையத் தரகர்களிடம் முதலிலேயே போவானேன்? ஜெர்மன் சட்டத்தின் கீழ் வரும் விமானக் கோரிக்கைகளுக்குச் சம்பவம் நடந்த ஆண்டு முடிவிலிருந்து மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. வேறு நாட்டுச் சட்டம் பொருந்தினால் கெடு மாறும். படிப்பு முடித்து மதுரைக்கோ கோவைக்கோ வந்த பிறகும் கேட்கலாம். பணம் வர வேண்டியிருக்கும் வரை அங்குள்ள வங்கிக் கணக்கை மட்டும் மூடிவிடாதீர்கள்.