மூச்சு வாங்குவது ஏன்?
கோடைக்கானலில் ஓடப் பழகுவோருக்குச் சில கணக்குகள்

நாற்பது வயதை எட்டிய ஒருவர் ஓடிப் பழகுவது என்று முடிவு செய்கிறார். இரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று மருத்துவர் எச்சரித்திருக்கலாம். அல்லது மாடிப்படி ஏறுகையில் இரைத்திருக்கலாம். மறுநாள் விடியலில் ஓடத் தொடங்குகிறார். இரண்டு நிமிடம் கழிவதற்குள் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, கால்கள் கனக்கின்றன. 'இதெல்லாம் நமக்கு ஒத்துவராது' என்று வீடு திரும்பிவிடுகிறார். பலருடைய ஓட்டப் பயிற்சி அந்த ஒரு நாளோடு முடிந்துவிடுகிறது.

பெரும்பாலும் அவருடைய நுரையீரலிலோ மன உறுதியிலோ குறை ஏதும் இருப்பதில்லை. அவர் தேர்ந்துகொண்ட வேகம்தான் கூடுதல். இதை எளிய கணக்குகள் சிலவற்றால் விளக்கிவிடலாம். கோடைக்கானலை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். சமவெளியில் அவ்வளவாகப் புலப்படாத உண்மைகளை அந்த மலை நமக்குப் பளிச்சென்று காட்டிவிடுகிறது.

வரவும் செலவும்

நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் உடல் ஆக்சிஜனைச் செலவிடுகிறது. எடையில் கிலோகிராமுக்கு நிமிடத்துக்குச் சுமார் 3.5 மில்லிலிட்டர் என்பது அதன் அளவு. அறுபது கிலோகிராம் எடையுள்ளவருக்கு நிமிடத்துக்கு 210 மில்லிலிட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு டம்ளர் ஆகும்.

சமதளத்தில் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால் இந்தச் செலவு கிலோகிராமுக்குச் சுமார் 12 மில்லிலிட்டராக உயர்கிறது. 6 கிலோமீட்டர் வேகத்தில் மெல்ல ஓடினால் சுமார் 24. எட்டு கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் சுமார் 30.

செலவு இப்படி ஏறிக்கொண்டே போக, வரவுக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. நுரையீரல் ஆக்சிஜனை வாங்கி, இதயம் அதை இரத்தத்தின் வழியே அனுப்பி, தசைகள் அதைப் பயன்படுத்தும் வேலை ஓர் அளவுக்கு மேல் விரைவுபடாது. இங்கிலாந்தைச் சேர்ந்த ஏ. வி. ஹில் என்னும் அறிஞர் இதை ஆராய்ந்தார். தசைகள் பற்றிய ஆய்வுக்காக 1922ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசைப் பெற்றவர் அவர். தாமே புல்தரையில் சுற்றிச் சுற்றி ஓடி, வெளிவிட்ட மூச்சைப் பையில் பிடித்து அளந்தார். வேகம் கூடக் கூட ஆக்சிஜன் செலவு கூடி, ஒரு கட்டத்தில் மேலே ஏறாமல் நின்றுவிடுவதைக் கண்டார்.

உடற்பயிற்சி இல்லாத நம் நண்பருக்கு இந்த உச்ச வரம்பு கிலோகிராமுக்கு 33 மில்லிலிட்டர் என்று வைத்துக்கொள்வோம். எட்டு கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது அவர் தம் வரவில் பத்தில் ஒன்பது பங்கைச் செலவழித்துவிடுகிறார். இந்த நிலையில் எவராலும் நெடுநேரம் தாக்குப்பிடிக்க இயலாது.

இதே மனிதர் நடந்தால் என்ன ஆகும்? தைப்பூசத்தின்போது பழனிக்குப் பாதயாத்திரை செல்வோரைப் பாருங்கள். ஆண்டு முழுவதும் கடையிலோ அலுவலகத்திலோ உட்கார்ந்தே வேலை செய்பவர்கள்கூட நாள்கணக்கில் நடந்து மலையடிவாரத்தை அடைகிறார்கள். நம்பிக்கையோடு கணக்கும் அவர்களுக்குத் துணை நிற்கிறது. நடைக்கு வேண்டியது 12 மில்லிலிட்டர்தான். உச்ச வரம்பில் இது மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டுகிறது, அவ்வளவே.

மலைக்காற்றின் கணக்கு

கோடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. மலைக்காற்றில் ஆக்சிஜனின் விழுக்காடு குறைவு என்று பலரும் எண்ணுகிறார்கள். அது சரியன்று. வத்தலக்குண்டிலும் சரி, கோடைக்கானலிலும் சரி, காற்றில் ஆக்சிஜன் 21 விழுக்காடுதான். காற்றின் அழுத்தம்தான் குறைகிறது. கடல்மட்டத்தில் 760 மில்லிமீட்டர் பாதரச உயரத்தைத் தாங்கும் காற்று, கோடைக்கானலில் ஏறக்குறைய 600 மில்லிமீட்டரைத்தான் தாங்கும். தண்ணீர் அங்கே சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதற்கும், திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகத் தாமதமாவதற்கும் இதுவே காரணம்.

மூச்சுக்குழலில் நுழையும் காற்று ஈரம் அடைகிறது. அந்த நீராவியின் அழுத்தம் எந்த ஊரானாலும் 47 மில்லிமீட்டர். இதைக் கழித்துவிட்டு, மீதியில் 21 விழுக்காட்டைக் கணக்கிட்டால் ஆக்சிஜனின் பங்கு அழுத்தம் கிடைக்கும். கடல்மட்டத்தில் அது 150 மில்லிமீட்டர், கோடைக்கானலில் 116. அதாவது கால் பங்குக்குச் சற்றே குறைவான வீழ்ச்சி.

ஆனால் இரத்தம் சுமந்து செல்லும் ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறைந்துவிடுவதில்லை. செவ்வணுக்களிலுள்ள ஈமோகுளோபின் தாராளமான வேலையாள். அழுத்தம் ஓரளவு குறைந்தாலும் ஏறத்தாழ முழுச் சுமையையும் ஏற்றிக்கொள்ளும். சமவெளியில் 98 விழுக்காடு நிறையும் ஈமோகுளோபின், கோடைக்கானலில் 95 விழுக்காட்டை ஒட்டி நிறைகிறது. எனவேதான் அங்கே பேருந்திலிருந்து இறங்கி ஏரியைப் பார்த்துக்கொண்டு நிற்பவருக்கு எந்த வேறுபாடும் தெரிவதில்லை.

ஓடும்போது நிலைமை மாறுகிறது. இரத்தம் நுரையீரலை விரைந்து கடப்பதால் ஆக்சிஜனை ஏற்றிக்கொள்ளக் கிடைக்கும் நேரம் குறைகிறது. ஆகவே உச்ச வரம்பு ஏறத்தாழ 10 விழுக்காடு இறங்குகிறது. நம் நண்பருக்கு 33 என்பது 30 ஆகிவிடும். எட்டு கிலோமீட்டர் வேகத்துக்கு வேண்டியதும் 30! மதுரையில் சில நிமிடமாவது தாங்கிய வேகம் கோடைக்கானலில் முழு வரவையும் விழுங்கிவிடுகிறது.

கோடைக்கானலைவிடச் சற்றே உயரமான மெக்சிகோ நகரில் (2,240 மீட்டர்) 1968இல் ஒலிம்பிக் போட்டிகள் நடந்தன. சில வினாடிகளில் முடியும் பந்தயங்களுக்குத் தசையிலேயே சேமித்துள்ள ஆற்றல் போதும். மெல்லிய காற்றின் தடையும் குறைவு. அங்கே அமெரிக்காவின் ஜிம் ஹைன்ஸ் 100 மீட்டரை 9.95 வினாடியில் கடந்து உலகச் சாதனை படைத்தார். 10,000 மீட்டரிலோ கென்யாவின் நஃப்டாலி டெமு 29 நிமிடம் 27.4 வினாடியில் தங்கம் வென்றார். அன்றைய உலகச் சாதனை 27 நிமிடம் 39.4 வினாடி! மேட்டுநிலத்து வீரரே வேகத்தைக் குறைத்துத்தான் வெல்ல முடிந்தது என்றால், புதிதாக ஓடும் நாம் குறைத்துக்கொள்வதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

மலையில் ஓடுவோருக்கு ஒரு சலுகையும் உண்டு. கோடைக்காலத்திலும் அங்கே பகல் வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். சமவெளி வெயிலில் உடலைக் குளிர்விக்கத் தோலுக்கும் இரத்தம் அனுப்பவேண்டிய இதயத்துக்கு இங்கே அந்த வேலை மிச்சம்.

முதல் மூன்று நிமிடங்கள்

ஓடத் தொடங்கிய அந்தக் கணமே தசைகளின் தேவை உயர்ந்துவிடுகிறது. இதயமும் நுரையீரலும் அதற்கு ஈடுகொடுக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அதுவரை ஆக்சிஜன் இல்லாமலே ஓரளவு ஆற்றலைத் தசைகள் தயாரித்துக்கொள்கின்றன. வேகம் மிகுதியானால் இந்த வழியில் அமிலத்தன்மை பெருகுகிறது. அதைச் சமன்செய்யும்போது இரத்தத்தில் கரியமில வாயு கூடுகிறது. அதை வெளியேற்றத்தான் மூளை மூச்சை விரட்டுகிறது. நம் நண்பர் 'முடியாது' என்று நின்றது உடல் இன்னும் தயாராகாத அந்த முதல் நிமிடங்களில்தான். ஐந்து நிமிடம் நடந்துவிட்டு ஓடத் தொடங்கினால் பாதித் தொல்லை தீரும்.

வேகம் சரியா என்று அறியக் கருவி எதுவும் வேண்டாம். ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியத்தைப் பேச முடிந்தால் வேகம் சரி. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு இழுக்க வேண்டியிருந்தால், கடன் வாங்கிச் செலவழிக்கிறீர்கள் என்று பொருள்.

ஏற்றமும் இறக்கமும்

மலையூரில் சரிவைத் தவிர்க்க இயலாது. 100 மீட்டர் தொலைவுக்கு 5 மீட்டர் உயரும் சாலையில் எட்டு கிலோமீட்டர் வேகத்தில் ஓட 36 மில்லிலிட்டர் வேண்டும். நம் நண்பரின் வரவே 30தான். அதே சாலையில் ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால் 19 போதும். ஏற்றத்தில் நடப்பது சோம்பலாகாது. அது சரியான சிக்கனம்.

கோடைக்கானலில் ஓடப் பழக ஏற்ற இடம் எது? மதுரை ஆட்சியராக இருந்த லெவிஞ்ச் 1863இல் உருவாக்கிய ஏரியைச் சுற்றி ஏறக்குறைய 5 கிலோமீட்டருக்குச் சாலை உள்ளது. நீரின் மேற்பரப்பு எங்கும் ஒரே மட்டம். ஆகவே கரையை ஒட்டிச் செல்லும் சாலையிலும் ஏற்ற இறக்கம் குறைவு. அங்கிருந்து 2,343 மீட்டர் உயரத்திலுள்ள சூரிய ஆய்வுக்கூடத்துக்கு ஓடிச் செல்லும் ஆசையைச் சில மாதம் தள்ளிவைக்கலாம்.

இறக்கத்தில் மூச்சு வாங்காது; அதனால் பலர் வேகமெடுப்பார்கள். அங்கே தொடைத் தசைகள் நீண்டுகொண்டே உடலைத் தாங்க வேண்டியிருக்கிறது. அதனால் தசை நார்களில் நுண்ணிய சேதம் உண்டாகி, மறுநாளும் அதற்கடுத்த நாளும் வலிக்கும். இவ்வலிக்கு லாக்டிக் அமிலம் காரணம் என்று முன்பு எழுதப்பட்டதுண்டு. ஆனால் அது ஒரு மணி நேரத்துக்குள் இரத்தத்திலிருந்து பெரும்பாலும் நீங்கிவிடுகிறது.

மலையைவிடப் பெரிய தடை

ஒரு கிராம் ஈமோகுளோபின் 1.34 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் சுமக்கும். 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 15 கிராம் இருந்தால் 20 மில்லிலிட்டர் ஆக்சிஜன். அதுவே 10 கிராமாகக் குறைந்தால் 13.4தான், மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது! கோடைக்கானல் மலை இரத்தத்திலிருந்து பறிப்பதைவிட இது எத்தனையோ மடங்கு. 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். மெதுவாக நடந்தாலே மூச்சு வாங்கும் பெண்கள் 'எனக்குத் தெம்பில்லை' என்று தம்மையே நொந்துகொள்ளாமல், முதலில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். மருந்தாலும் உணவாலும் சரிசெய்யக்கூடிய குறையை ஓட்டப் பயிற்சியால் வெல்ல முயல்வது வீண் துன்பம்.

தொடங்கும் முறை

வாரத்தில் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள், அரை மணி நேரம் ஒதுக்குங்கள். முதல் ஐந்து நிமிடம் நடை. பிறகு ஒரு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை என்று ஏழு முறை. மீதி நேரம் நடை. இந்த ஓட்ட-நடைச் சுற்றுகளில் சராசரிச் செலவு என்ன? ஓட்டத்துக்கு 24, நடைக்கு 12 என்று கொண்டால், சராசரி 16. மலையில் 30 மில்லிலிட்டர் வரவுள்ளவருக்கு இது பாதியைச் சற்றே தாண்டும் செலவுதான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஓட்டத்தைச் சிறிது கூட்டி, நடையைச் சிறிது குறையுங்கள். கடினமாகத் தோன்றினால் அதே அளவிலேயே இன்னொரு வாரம் நில்லுங்கள்.

மூச்சு எளிதானதும் வேகத்தைக் கூட்டத் தோன்றும். அப்போதுதான் எச்சரிக்கை வேண்டும். இரத்தத்தின் நீர்மப் பகுதி ஓரிரு வாரத்திலும், தசைகளின் ஆக்சிஜன் பயன்பாடு சில வாரங்களிலும் மேம்பட்டுவிடும். எலும்பும் தசைநாணும் உறுதிப்பட மாதங்கள் ஆகும். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் கால் தாங்குவது உடல் எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு. மூச்சு இடம் கொடுத்தாலும் முழங்கால் இடம் கொடுக்கும் வரை பொறுத்திருங்கள்.

சமவெளியிலிருந்து கோடைக்கானல் செல்வோர் முதல் இரண்டு நாள் நடையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. இதய நோய், உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கலந்த பின்னரே தொடங்க வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் குளிர்ந்த காலைக்காற்றே இரைப்பைத் தூண்டக்கூடும். ஓடும்போது நெஞ்சில் வலியோ இறுக்கமோ, தலைச்சுற்றலோ ஏற்பட்டால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவ உதவியை நாடுங்கள்.

ஒழுங்காகப் பழகினால் சில மாதங்களில் உச்ச வரம்பு 15 விழுக்காடு அளவுக்கு உயர வாய்ப்புண்டு. நம் நண்பருக்குக் கோடைக்கானலில் 30 என்பது 34.5 ஆகும். முதல் நாள் அவரைத் திருப்பி அனுப்பிய அதே எட்டு கிலோமீட்டர் வேகம் இப்போது அவருடைய வரவுக்குள் அடங்கிவிடும். ஓட்டம் பிடிக்கவில்லையா? வாரத்துக்கு 150 நிமிடம் விரைந்து நடந்தாலே உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைக்கும் குறைந்தபட்ச அளவு நிறைவேறிவிடும். நாளைக் காலை எழுந்து முதலில் ஐந்து நிமிடம் நடந்து பாருங்கள். பிறகு ஒரே ஒரு நிமிடம், பக்கத்தில் வருபவரோடு பேச முடிகிற வேகத்தில், ஓடிப் பாருங்கள்.