பதில் வராத விண்ணப்பம்

தேக்காவில் சில கடைகளின் கண்ணாடிக் கதவில் ‘வேலைக்கு ஆள் தேவை’ என்ற அறிவிப்பு ஒட்டப்பட்டிருக்கும். வேலை தேடுபவர் அதைப் பார்த்துவிட்டு உள்ளே சென்று விசாரிப்பார். முதலாளி இல்லையென்றால், “சாயங்காலம் வந்து பாருங்கள், அண்ணன் இருப்பார்” என்று கல்லாவில் இருப்பவர் சொல்வார். அவரும் மாலையில் மீண்டும் வருவார். வேலை கிடைக்கிறதோ இல்லையோ, ஒரு பதில் கிடைத்துவிடும்.

இணையத்தில் விண்ணப்பிப்பவரின் நிலை வேறு. அவர் தம் விவரங்களைப் பதிவேற்றி, ‘அனுப்பு’ என்னும் பொத்தானை அழுத்துகிறார். ‘விண்ணப்பம் கிடைத்தது’ என்று தானியங்கி மின்னஞ்சல் ஒன்று வருகிறது. அதன் பிறகு எந்தத் தகவலும் இல்லை. ஒரு வாரம் கடந்ததும், “எனக்குத் தகுதி இல்லை போலும்” என்று சில இளையர்கள் முடிவுகட்டிவிடுகிறார்கள். அடுத்த வேலைக்கு விண்ணப்பிக்கவும் அவர்கள் தயங்குகிறார்கள். ஆனால், பதில் வராததற்கு வேறு பல காரணங்கள் இருக்கலாம்.

தாமதம் ஏன்?

சிங்கப்பூரில் பலர் ‘மைகரியர்ஸ்ஃபியூச்சர்’ என்னும் அரசாங்க இணையத்தளத்தின்வழி வேலை தேடுகிறார்கள். இது 2018ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. வெளிநாட்டவரை எம்ப்ளாய்மென்ட் பாஸ் அல்லது எஸ் பாஸில் வேலைக்கு அமர்த்த விரும்பும் நிறுவனம், பொதுவாக அந்த வேலையை முதலில் இத்தளத்தில் குறைந்தது 14 நாள்களுக்கு விளம்பரம் செய்ய வேண்டும். உள்ளூர்வாசிகளுக்கும் நியாயமான வாய்ப்பு கிடைக்க வேண்டும் என்பதே இந்த விதியின் நோக்கம். விளம்பரம் முடியும்வரை புதிய விண்ணப்பங்கள் வந்துகொண்டே இருக்கும். எனவே, மூன்றாம் நாளே பதிலை எதிர்பார்ப்பது பொருந்தாது. சில நிறுவனங்களில் ஒரே அதிகாரி நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களைப் படிக்க வேண்டியிருக்கும். சில சமயம் அந்த வேலையே நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும்.

எப்போது, எப்படிக் கேட்பது?

விண்ணப்பித்த அன்றே நிறுவனத்தின் பெயர், வேலையின் பெயர், விண்ணப்பித்த தேதி, விளம்பரம் முடியும் தேதி ஆகியவற்றைக் குறித்து வைப்பது நல்லது. பல இடங்களுக்கு விண்ணப்பிப்பவருக்கு எதற்கு எப்போது விண்ணப்பித்தோம் என்பது எளிதில் மறந்துவிடும். விளம்பரம் முடிந்து ஒரு வாரம் வரை காத்திருந்த பின், ஒரு மின்னஞ்சல் அனுப்பலாம். “விசாரிப்புகளைத் தவிர்க்கவும்” என்று விளம்பரத்திலேயே குறிப்பிட்டிருந்தால், அதை மதிக்க வேண்டும்.

மின்னஞ்சல் சுருக்கமாக இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, இவ்வாறு எழுதலாம்:

“வணக்கம். உங்கள் நிறுவனத்தில் கணக்கு உதவியாளர் வேலைக்கு நான் இம்மாதம் 3ஆம் தேதி விண்ணப்பித்தேன். அந்த வேலையில் எனக்கு இன்னமும் ஆர்வம் உள்ளது. என் விண்ணப்பத்தின் நிலையை அறிய விரும்புகிறேன். கூடுதல் விவரங்கள் தேவைப்பட்டால் அனுப்பி வைக்கிறேன். நன்றி.”

இதில் கெஞ்சலும் இல்லை, குறைகூறலும் இல்லை. யார், எந்த வேலை, எந்தத் தேதி என்பவை தெளிவாக இருப்பதால், படிப்பவர் உடனே விண்ணப்பத்தைத் தேடி எடுக்கலாம். நேர்காணலுக்குச் சென்று வந்தவர், மறுநாளே நன்றி கூறி ஒரு மின்னஞ்சல் அனுப்புவது நல்ல பழக்கம்.

முதல் மின்னஞ்சலுக்குப் பதில் வராவிட்டால், இன்னொரு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கு மேல் கேட்பது தொல்லையாகிவிடும். ஒரே நாளில் பலமுறை தொலைபேசியில் அழைப்பதும், அங்கு வேலை செய்பவர்களின் சொந்த சமூக ஊடகக் கணக்குகளுக்குச் செய்தி அனுப்புவதும் விண்ணப்பித்தவர்மீது தவறான எண்ணத்தையே ஏற்படுத்தும். காத்திருக்கும் நாள்களில் மற்ற வேலைகளுக்கும் விண்ணப்பிக்க வேண்டும். பல விண்ணப்பங்களுக்குப் பதிலே வரவில்லையென்றால், தன்விவரக் குறிப்பைத் திருத்த வேண்டியிருக்கலாம். இதற்கு ‘ஊழியரணி சிங்கப்பூர்’ அமைப்பும், என்டியுசியின் ‘இ2ஐ’ அமைப்பும் ஆலோசனை வழங்குகின்றன.

எச்சரிக்கை தேவை

பதிலுக்காக ஏங்கிக் காத்திருப்பவர்களை மோசடிக்காரர்கள் எளிதில் ஏமாற்றிவிடுகிறார்கள். விண்ணப்பிக்காத நிறுவனத்திலிருந்து வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ திடீரென்று செய்தி வந்தால் கவனமாக இருக்க வேண்டும். வேலை தருவதற்கு முன் பணம் கட்டச் சொன்னாலோ, வங்கிக் கணக்கின் மறைச்சொல்லையோ சிங்பாஸ் விவரங்களையோ கேட்டாலோ அது மோசடியாகவே இருக்கும். ஐயம் எழுந்தால் 1799 என்னும் ஸ்கேம்ஷீல்டு உதவி எண்ணை அழைத்துக் கேட்கலாம். முன்பே குறித்து வைத்த பட்டியலும் இங்கே உதவும். எந்த நிறுவனத்திற்கு விண்ணப்பித்தோம் என்பதை அதைப் பார்த்தே உறுதிப்படுத்திக்கொள்ளலாம்.

காலையில் விசாரித்த கடைக்கு மாலையில் மீண்டும் வருபவரை யாரும் குறைத்து மதிப்பிடுவதில்லை. அவருக்கு உண்மையிலேயே அந்த வேலையில் ஆர்வம் உள்ளது என்றே முதலாளி எண்ணுவார். இணையத்தில் விண்ணப்பித்தவர் அனுப்பும் பணிவான மின்னஞ்சலும் அத்தகையதே. அதற்குப் பிறகும் பதில் வராமல் போகலாம். அப்போதும் கைநழுவியது ஒரு வேலைதானே தவிர, விண்ணப்பித்தவரின் திறமை அன்று.