பாய்மரப் படகின் நிலைவடங்கள்

நிலைவடங்கள் என்பவை பாய்மரப் படகொன்றின் பாய்மரத்தை நிமிர்ந்து நிற்கச் செய்யும் நிலையான கம்பிவடங்கள் ஆகும். பாயை ஏற்றவும் இறக்கவும் திருப்பவும் பயன்படும் கயிறுகள் இயங்குவடங்கள் எனப்படுகின்றன. ஒரு நிலைவடமோ அதன் சிறிய ஊசியோ அறுந்தால் பாய்மரம் முழுவதும் சாயக்கூடும். சாய்ந்த மரம் அலையில் மோதிப் படகின் உடலைத் துளைக்கவும் கூடும்.

அமைப்பு

முன்வடமும் பின்வடமும் மரத்தை முன்பின்னாகவும், பக்கவடங்கள் பக்கவாட்டிலும் தாங்குகின்றன. விரிகோல்கள் மேல் பக்கவடங்களை மரத்திலிருந்து விலக்கி, அவை இழுக்கும் கோணத்தைக் கூட்டுகின்றன. வடங்களின் கீழ்முனைகள் இறுக்குத்திருகுகள் வழியாகப் படகின் உடலிலுள்ள எஃகுப் பட்டைகளுடன் இணைகின்றன. தற்காலப் படகுகள் பலவற்றில் 19 தனிக் கம்பிகளை முறுக்கிய துருவேறா எஃகு வடம் பயன்படுகின்றது.

பழுதடையும் விதம்

துருவேறா எஃகைக் காப்பது அதன் மேற்பரப்பிலுள்ள மெல்லிய குரோமியம் ஆக்சைடுப் படலம் ஆகும். இப்படலம் புதுப்பிக்கப்பட ஆக்சிசன் தேவை. முனைப்பிடிகளின் உட்புறத்திலும் மேற்தளத்தினூடாகச் செல்லும் பட்டைகளிலும் உப்புநீர் தேங்கி ஆக்சிசன் குறைவதால், அங்கு அரிப்பு மறைவாக நிகழ்கின்றது. மற்றொரு காரணம் உலோகச் சோர்வு. தொய்ந்த வடம் ஒவ்வோர் அலையிலும் உதறி இழுபடுவதால் சோர்வு விரைவாகின்றது. எனவே போதிய இறுக்கம் வடத்தின் ஆயுளையும் கூட்டுகின்றது.

பரிசோதனை

வடத்தின் மீது மென்தாளை ஓட்டினால் அறுந்த கம்பியில் தாள் சிக்கும். வெறுங்கையால் தடவுவது காயம் ஏற்படுத்தும். ஒரு தனிக் கம்பி அறுந்திருந்தாலும் வடத்தை மாற்றவேண்டும். முனைப்பிடிகளில் வெடிப்பு, துருக்கசிவு, வளைவு ஆகியன உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்கப்படுகின்றன. கடற்படகுகளில் ஏறத்தாழ 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை வடங்களை மாற்றுவது பரவலான நடைமுறையாகும்.

இழுவையைச் சரிசெய்தல்

முதலில் பாய் ஏற்றும் கயிற்றால் மரத்தின் உச்சியிலிருந்து இருபக்கப் பட்டைகளுக்கும் உள்ள தூரம் அளக்கப்படுகின்றது. இரண்டும் சமமாயின் மரம் நடுவில் உள்ளது. பின்னர் மேல் பக்கவடங்கள் இருபுறமும் மாறிமாறிச் சமசுற்றுகளாக இறுக்கப்படுகின்றன. அதன்பின் கீழ்வடங்கள் இறுக்கப்பட்டு மரம் நேராக்கப்படுகின்றது.

இழுவையைத் தனிக் கருவியின்றியும் அளக்கலாம். வடம் இறுக்கப்படுமுன் அதில் 2 மீட்டர் நீளம் குறிக்கப்படுகின்றது. இறுக்கும்போது இந்நீளம் 1 மில்லிமீட்டர் கூடினால், இழுவை முறிவுச் சுமையின் ஏறத்தாழ 5 விழுக்காடு ஆகும். தடிப்பு கூடும்போது வடத்தின் வலிமையும் விறைப்பும் ஒரே வீதத்தில் கூடுவதால், 19 கம்பி வடம் எத்தடிப்பினதாயினும் இவ்விதி பொருந்தும். மேல் பக்கவடங்களுக்குப் பொதுவாக 15 முதல் 20 விழுக்காடு, அதாவது 3 முதல் 4 மில்லிமீட்டர் நீட்சி, பரிந்துரைக்கப்படுகின்றது. குறித்த படகுக்கு உற்பத்தியாளர் தரும் அளவு இருப்பின் அதுவே பின்பற்றத்தக்கது.

இறுதியாகப் பாய் விரித்துச் செல்லும்போது படகு ஏறத்தாழ 20 பாகை சாய்ந்த நிலையில், காற்று வரும் பக்கத்திற்கு எதிர்ப்பக்க வடம் தொய்ந்து ஆடுகின்றதா எனப் பார்க்கப்படுகின்றது. தொய்ந்திருப்பின் அது இறுக்கப்பட்டு, படகைத் திருப்பியபின் மறுபக்க வடமும் அதே சுற்றுகள் இறுக்கப்படுகின்றது. வேலை முடிந்ததும் ஒவ்வோர் இறுக்குத்திருகும் தானே கழன்றுவிடாதபடி பிளவூசியால் பூட்டப்படவேண்டும்.