எம்.சி.பி. ஒயரைக் காக்கும், ஆளைக் காப்பது யார்?

"மெயின் போர்டில்தான் எம்.சி.பி. இருக்கிறதே, ஷாக் அடித்தால் அது விழுந்துவிடாதா?" பலரும் கேட்கிற கேள்வி. விழாது. ஏன் என்பதை ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் பார்த்துவிடலாம்.

நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். கரண்ட் பேஸ் ஒயரில் வந்து நியூட்ரலில் திரும்புகிறது. அந்த நியூட்ரலை டிரான்ஸ்பார்மர் பக்கத்திலேயே மண்ணோடு இணைத்திருப்பார்கள். அதனால்தான் வெறுங்காலோடு தரையில் நிற்பவர் பேஸை மட்டும் தொட்டாலும் கரண்ட் அவர் உடம்பு வழியே மண்ணில் இறங்கி, டிரான்ஸ்பார்மருக்குப் போய்விடுகிறது. உடம்பின் தடை சுமார் 1000 ஓம் என்று வைத்துக்கொண்டால், ஓடுவது 0.23 ஆம்பியர். 60 வாட் குண்டு பல்பு இழுப்பதைவிடக் குறைவு. அளவுக்கு மீறிய கரண்ட் ஓடினால் ஒயரைக் காக்க விழும் 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் ஓர் உயிரை எடுக்க இது போதும்.

அடுத்தது எர்த்து, அந்தப் பச்சை ஒயர். கிரைண்டர், வாஷிங் மெஷின், ஹீட்டர் போன்றவற்றின் இரும்பு பாடியோடு அது சேர்ந்திருக்கும். உள்ளே இன்சுலேஷன் உரிந்து பேஸ் பாடியில் பட்டால், கரண்டின் பெரும்பகுதி எர்த்து வழியே இறங்கிவிடும். மூன்று பின் பிளக்கை எடுத்துப் பாருங்கள். மேலே இருக்கும் எர்த்து பின் மற்ற இரண்டைவிடத் தடிமன், நீளமும் கூட. செருகும்போது எர்த்து முதலில் சேர வேண்டும், பிடுங்கும்போது கடைசியாக விடுபட வேண்டும் என்பதற்காகத்தான் இந்த நீளம்.

எர்த்து மட்டும் போதுமா? கொல்லையில் புதைத்த எர்த்து குழாயின் தடை 10 ஓம் என்றால், அதில் 23 ஆம்பியருக்கு மேல் ஓடாது. 16 ஆம்பியர் எம்.சி.பி. இதற்கு உடனே விழாது. விழும்வரை பாடியில் ஆபத்தான வோல்டேஜ் இருந்துகொண்டே இருக்கும்.

இங்கேதான் ஆர்.சி.சி.பி. வேண்டும். பேஸில் போன கரண்டும் நியூட்ரலில் திரும்பியதும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். வீட்டுக்குப் போடுவது 30 மில்லி ஆம்பியர் வகை. வித்தியாசம் அந்த அளவை எட்டினால் 0.3 நொடிக்குள் சப்ளையை வெட்டிவிடும். எர்த்து சரியாக இருந்தால், லீக்கேஜ் ஆனதுமே, யாரும் தொடுவதற்கு முன்பே விழும். எர்த்து இல்லையென்றால் ஒருவர் தொட்டு, அவர் உடம்பில் கரண்ட் ஏறிய பிறகுதான் விழும். ஆகவே இரண்டும் வேண்டும். ஒரு கையில் பேஸும் மறு கையில் நியூட்ரலும் பட்டு, உடம்பிலிருந்து தரைக்கு எதுவும் இறங்கவில்லை என்றால் ஆர்.சி.சி.பி.யும் விழாது, அதற்குப் போன கரண்டும் வந்த கரண்டும் சமம்.

எர்த்து பின்னை வெட்டிவிட்டு இரண்டு பின் சாக்கெட்டில் செருகாதீர்கள். ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுந்தால், அதைக் கழற்றி நேரடி இணைப்புக் கொடுக்கச் சொல்லாதீர்கள்; எலக்ட்ரீஷியனை அழைத்து லீக்கேஜ் எங்கே என்று தேடச் சொல்லுங்கள். இன்றைக்கே அதன் டெஸ்ட் பட்டனை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் உடனே மாற்றிவிடுங்கள்.