எனது முதல் இணையப் பக்கம்

இரண்டாமாண்டு பி.எஸ்சி. (இயற்பியல்) மாணவி

கும்மிடிப்பூண்டியில் ரயிலேறிப் பொன்னேரியில் இறங்கும் நம் மாணவ நண்பர்களில் கையில் கைப்பேசி இல்லாதவர் அரியர். அதில் நாள்தோறும் எத்தனையோ இணையப் பக்கங்களைப் பார்க்கிறோம். ஆனால், "நமக்கென்று ஒரு பக்கத்தை நாமே எழுதி உலகுக்கு வெளியிட முடியுமா?" என்று எண்ணிப் பார்த்தவர் சிலரே. சென்ற ஆண்டு வரை நானும் எண்ணியதில்லை. அது பெரிய படிப்புப் படித்தவர்களும் பணம் படைத்தவர்களும் செய்யும் காரியம் என்றே நினைத்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா சிப்காட்டிலுள்ள ஓர் இரும்பாலையில் ஃபர்னேஸ் பகுதியில் ஒப்பந்தத் தொழிலாளி. அம்மா பூக்கட்டி விற்கிறார். எனக்கும் இணையப் பக்கத்துக்கும் என்ன தொடர்பு?

பருவத் தேர்வு விடுமுறையில் அந்த எண்ணம் மாறியது. ஒரு பக்கத்தை எழுதி வெளியிட்டேன். கைப்பேசிக்குப் போட்ட டேட்டாவைத் தவிர வேறு செலவில்லை. இடையில் ஒரு பெரிய பிழையும் செய்தேன். என்னைப் போன்ற நண்பர்களுக்கு அந்த வழியையும் அந்தப் பிழையையும் சேர்த்தே சொல்வதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

வலை பிறந்த இடம்

இணையம் வேறு, வலை வேறு. உலகெங்குமுள்ள கணிப்பொறிகளை இணைக்கும் பாதை இணையம். அதைத் தண்டவாளம் எனலாம். அந்தத் தண்டவாளத்தில் ஓடும் ரயில்களுள் ஒன்று வலை. மின்னஞ்சல் மற்றொரு ரயில்.

வலை ஓர் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது என்பது நம் துறையினருக்குப் பெருமை தரும் செய்தி. ஜெனிவா நகருக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் பல நாட்டு அறிவியலாளர்கள் அணுத்துகள்களை ஆராய்கிறார்கள். ஒருவர் எழுதிய குறிப்பு மற்றவருடைய கணிப்பொறியில் திறக்காமல் அவர்கள் இடர்ப்பட்டனர். அங்குப் பணிபுரிந்த டிம் பெர்னர்ஸ்-லீ 1989-இல் இதற்கு ஒரு வழியை எழுதிக் கொடுத்தார். அவரும் இயற்பியல் பட்டதாரியே. 1991-இல் அவருடைய வலை வெளியுலகுக்கு அறிமுகமாயிற்று. 1993 ஏப்ரல் 30 அன்று, "இதை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம்" என்று செர்ன் அறிவித்தது. அந்த அறிவிப்பு இல்லாதிருந்தால் ஒரு பூக்காரம்மாவின் மகள் செலவின்றிப் பக்கம் வெளியிடுவது நடந்திராது. நம் நாட்டில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை வி.எஸ்.என்.எல். நிறுவனம் 1995 ஆகஸ்டு 15 அன்று தொடங்கியது.

வலையில் தமிழ் ஏறிய வரலாறு

கணிப்பொறிக்கு எழுத்து தெரியாது. எண் மட்டுமே தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் குறித்து வைத்தால்தான் அது எழுத்தைச் சேமிக்கும். தொடக்கத்தில் அந்த எண்கள் ஆங்கிலத்துக்கே பெரிதும் பயன்பட்டன. தமிழன்பர்கள் என்ன செய்தார்கள்? ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களின் மேல் தமிழ் வடிவங்களை ஏற்றி எழுத்துருக்களை உருவாக்கினார்கள். அதே எழுத்துரு படிப்பவரிடமும் இருந்தால் தமிழ் தெரியும். இல்லாவிட்டால் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும்.

இத்தகைய காலத்திலேயே, 1995 அக்டோபரில், சிங்கப்பூர்க் கவிதைகளை அந்நாட்டின் நான்கு மொழிகளிலும் தரும் தளமொன்று அங்கே தொடங்கப்பட்டது. அதில் தமிழ்க் கவிதைகள் தமிழ் எழுத்திலேயே இடம்பெற்றன. அதற்காக உழைத்தவர் எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி. தமிழ் இணையத்தின் முன்னோடி என்று போற்றப்படும் அவர் 1999-இல் மறைந்தார். சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆய்வு செய்துவந்த கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' என்னும் எழுத்துருவை ஆக்கி அளித்தார். 1998 பொங்கல் நாளன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தை முன்னின்று நடத்தியவரும் அவரே. நம் பழைய நூல்களை அத்திட்டம் இலவசமாக இணையத்தில் ஏற்றி வருகிறது. இவர்கள் இருவரும் கணிப்பொறித் துறைப் பட்டம் பெற்று இப்பணிக்கு வந்தவர்கள் அல்லர். ஒருவர் ஆசிரியர்; மற்றவர் வேதியியலார். வேண்டும் என்ற எண்ணமே அவர்களுடைய தகுதி.

இன்று அந்தத் தொல்லை பெரும்பாலும் நீங்கிவிட்டது. உலக மொழிகள் அனைத்துக்கும் எண் வழங்கும் யூனிகோடு முறையில் 2944 முதல் 3071 வரையுள்ள 128 இடங்கள் தமிழுக்கு ஒதுக்கப்பட்டுள்ளன. 'க' என்பதன் எண் 2965. 'தமிழ்' என்று எழுதும்போது கணிப்பொறி த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து எண்களைச் சேமிக்கிறது. யு.டி.எஃப்-8 என்னும் முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டுகளாக மொத்தம் 15 பைட்டுகள் ஆகும்.

"பெரும்பாலும் நீங்கிவிட்டது" என்று நான் எழுதியதற்குக் காரணம் உண்டு. என் கட்டுரையைக் கையால் எழுதி, பேருந்து நிலையத்தருகே ஒரு டி.டி.பி. கடையில் தட்டச்சு செய்து, பென் டிரைவில் வாங்கி வந்தேன். கடையின் கணிப்பொறியில் அழகிய தமிழ். என் பக்கத்தில் ஒட்டினால் ஒரே ஆங்கிலக் கிறுக்கல்! கடைக்காரர் பழைய வகை எழுத்துருவில் அடித்திருந்தார். பிறகு கைப்பேசியிலேயே முழுவதையும் மீண்டும் யூனிகோடில் தட்டினேன். ஆகவே நண்பர்களே, வெளியில் தட்டச்சு செய்யக் கொடுத்தால், "யூனிகோடில் அடியுங்கள்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பக்கம் எழுதும் முறை

இணையப் பக்கம் என்பது சாதாரண எழுத்துக் கோப்பே. அதில் எது தலைப்பு, எது பத்தி, எது படம் என்று உலவிக்குச் சொல்லும் குறிகள் இருக்கும். இந்தக் குறி மொழிக்கு எச்.டி.எம்.எல். என்று பெயர். குறிகளைக் கூர் அடைப்புக்குள் எழுத வேண்டும். பெரிய தலைப்புக்கு 'எச்1', பத்திக்கு 'பி', படத்துக்கு 'ஐ.எம்.ஜி.', வேறு பக்கத்துக்கு இணைப்புக் கொடுக்க 'ஏ' என்னும் குறிகள். தொடங்கிய குறியைச் சாய்கோடு இட்டு முடிக்க வேண்டும்; படக்குறி போன்ற சிலவற்றுக்கு முடிப்பு வேண்டியதில்லை. பக்கம் முழுவதும் இரண்டு பகுதிகள். உலவிக்குச் சொல்லும் செய்திகள் 'ஹெட்' பகுதியிலும், படிப்பவர் காணும் செய்திகள் 'பாடி' பகுதியிலும் அமையும்.

தமிழில் எழுதுவோர் ஹெட் பகுதியில் இரண்டு வரிகளை மறக்கலாகாது. ஒன்று, எழுத்து முறை யு.டி.எஃப்-8 என்று கூறும் வரி. மற்றொன்று, கைப்பேசித் திரையின் அகலத்துக்கு ஏற்பப் பக்கத்தை அமைக்கச் சொல்லும் 'வியூபோர்ட்' வரி. இது இல்லாவிட்டால் கைப்பேசியில் எழுத்துகள் எறும்பு போல் தெரியும். கைப்பேசியில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றாமல் அளவைக் குறைத்து ஏற்றுங்கள். சிக்னல் குறைந்த ஊரில் பெரிய படம் திறப்பதற்குள் படிப்பவர் போய்விடுவார்.

ஊரறியச் செய்தல்

எழுதிய கோப்பு நம்மிடம் இருக்கும்வரை அது நாட்குறிப்புதான். இரவும் பகலும் இணைப்பில் இருக்கும் வழங்கி என்னும் கணிப்பொறியில் ஏற்றினால்தான் அது வெளியீடு ஆகும். நான் பயன்படுத்தியது கிட்ஹப் என்னும் தளத்தின் இலவச இடம். அதன் முறை வருமாறு:

1. மின்னஞ்சல் முகவரி கொடுத்துக் கணக்குத் தொடங்குக. கணக்குப் பெயர் நம் பக்கத்தின் முகவரியில் வரும். ஆகவே எண்ணித் தேர்ந்தெடுக்க.

2. கணக்குப் பெயருடன் 'கிட்ஹப்.ஐஓ' என்பதைச் சேர்த்து, அப்பெயரில் அனைவரும் காணக்கூடிய ஒரு கோப்புக் களஞ்சியம் அமைக்க.

3. முதற்பக்கக் கோப்புக்கு 'இண்டெக்ஸ்' என்று பெயரிட்டு அதில் ஏற்றுக. பெயரை ஆங்கிலச் சிறிய எழுத்திலேயே இடுக.

4. சில நிமிடங்கள் பொறுத்து அந்த முகவரியை உலவியில் இடுக. பக்கம் தோன்றும்.

இலவச இடம் என்றும் நிலைக்கும் என்று நம்பிவிடக் கூடாது. 1994-இல் தோன்றிய ஜியோசிட்டீஸ் என்னும் தளத்தில் உலகெங்கும் எண்ணற்றோர் தம் முதற்பக்கத்தை எழுதினார்கள். 2009-இல் யாகூ நிறுவனம் அமெரிக்காவிலிருந்து நடத்திவந்த அச்சேவையை மூடிவிட்டது. ஆகவே நம் பக்கத்தின் படி ஒன்று நம்மிடமும் இருக்க வேண்டும்.

நான் செய்த பிழை

என் முதற்பக்கத்தை ஆங்கிலத்தில்தான் எழுதினேன். எங்கோ கண்ட மாதிரியைப் பார்த்து, எனக்கே முழுவதும் பொருள் விளங்காத பெரிய சொற்களை அடுக்கினேன். அப்பாவின் தொழிலை "தனியார் நிறுவன ஊழியர்" என்று மழுப்பினேன். பிறந்த தேதி, ஊர், கைப்பேசி எண் எல்லாம் கொடுத்தேன். வீட்டில் காட்டினேன். அப்பாவுக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை. "நல்லா இருக்கும்மா" என்றார். அம்மா மட்டும், "இத யாரு வேணும்னாலும் பாக்கலாமா?" என்று கேட்டார். "உலகமே பார்க்கும்" என்றேன் பெருமையாக. "அப்ப நம்பரு எதுக்கு?" என்றார். நான் சிரித்தேன்.

பத்து நாள் கழித்து ஓர் அழைப்பு வந்தது. என் பெயர், பாடம், பிறந்த தேதி எல்லாம் சரியாகச் சொன்ன ஒருவர், ஒரு கம்பெனியில் பகுதிநேர வேலைக்கு நான் தேர்வாகிவிட்டதாகவும் பதிவுக் கட்டணமாக 1,500 ரூபாய் உடனே அனுப்ப வேண்டும் என்றும் கூறினார். அப்பா மகிழ்ந்துபோய்ப் பக்கத்து வீட்டில் கைமாற்றுக் கேட்கக் கிளம்பிவிட்டார். நல்ல வேளையாக அன்று மாலைக்குள் எங்கள் பேராசிரியர் ஒருவரைக் கேட்டேன். "வேலை கொடுப்பவன் சம்பளம் கொடுப்பான், பணம் கேட்கமாட்டான். இந்த விவரமெல்லாம் அவனுக்கு எப்படித் தெரிந்தது?" என்றார். எப்படி என்று எனக்குத் தெரிந்திருந்தது. அம்மா கேட்ட கேள்வி அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

உடனே எண்ணை நீக்கினேன். ஆனால் கிட்ஹப் போன்ற தளங்கள் ஒவ்வொரு திருத்தத்தின் பழைய வடிவத்தையும் சேமித்து வைக்கும். நீக்கிய எண் பழைய வடிவில் அப்படியே இருந்தது! களஞ்சியம் முழுவதையும் அழித்துப் புதிதாகத் தொடங்க வேண்டியதாயிற்று. வெளியிட்டதைத் திரும்பப் பெறுவது சிந்திய பாலை அள்ளுவது போன்றதே. கைப்பேசி எண், வீட்டு முகவரி, பிறந்த தேதி, ஆதார் எண் ஆகியவற்றை எவரும் இடவேண்டாம். தொடர்புக்குத் தனி மின்னஞ்சல் போதும். கைப்பேசியில் எடுத்த படத்துக்குள் அது எடுக்கப்பட்ட இடத்தின் குறிப்பும் மறைந்திருக்கக்கூடும். அதையும் நீக்கியே ஏற்றுக. பணம் பறிகொடுத்தவர்கள் காலம் தாழ்த்தாமல் 1930 என்னும் எண்ணில் புகார் செய்யலாம்.

அப்பா திருத்திய வரி

இரண்டாம் முறை தமிழில் எழுதினேன். என்னைப் பற்றி நான்கே வரிகள். அப்பாவின் தொழிலை உள்ளபடியே எழுதினேன். அதன்கீழ், சூடேறிய பொருள் ஏன் ஒளிர்கிறது என்று இயற்பியல் பாடத்தில் படித்ததை எளிய தமிழில் விளக்கினேன். அதில், "ஃபர்னேஸில் உருகிய இரும்பு செக்கச் சிவந்து ஓடுகிறது" என்று ஒரு வரி.

நைட் ஷிப்ட் முடிந்து வந்த அப்பா கைப்பேசியை வாங்கி, விரலால் வரியைத் தொட்டுத் தொட்டுப் படித்தார். எட்டாம் வகுப்புவரை படித்தவர். அந்த வரியில் விரல் நின்றது. "பாப்பா, இது தப்பு. செவப்பா இருந்தா ஆறிப்போச்சுன்னு அர்த்தம். உருகி நிக்கறப்ப கண்ணு கூசும், வெள்ளையா இருக்கும். நீலக் கண்ணாடி வெச்சித்தான் பாப்போம்" என்றார்.

பாடநூலைப் புரட்டினேன். அப்பா சொன்னதே சரி. ஏறத்தாழ 700 டிகிரி செல்சியஸில் இரும்பு மங்கிய சிவப்பு; 1000 டிகிரியை ஒட்டி ஆரஞ்சு; அது உருகும் 1538 டிகிரியில் வெள்ளையை நெருங்கிய மஞ்சள். வெப்பம் ஏற ஏற ஒளியின் அலைநீளம் குறைகிறது என்னும் வீன் விதியை நான் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அப்பா அதைப் பல ஆண்டுகளாகக் கண்ணால் கண்டிருக்கிறார். வரியைத் திருத்தி, பக்கத்தின் கடைசியில் "பிழை திருத்தியவர்: என் அப்பா" என்று சேர்த்தேன். அவர் பெயரை மட்டும் இடவில்லை. முதல் பாடம் நினைவில் இருந்தது.

நண்பர்களே! மீன்பிடிக்கும் பழவேற்காட்டிலிருந்தும், நெல் விளையும் ஊர்களிலிருந்தும், சிப்காட் தொழிலாளர் குடியிருப்புகளிலிருந்தும் நாம் இக்கல்லூரிக்கு வருகிறோம். நம் வீட்டார்க்குத் தெரிந்தவை பல எந்த நூலிலும் ஏறவில்லை. அவற்றை நாம் கற்ற பாடத்தோடு சேர்த்து, அவர்களும் படிக்கும் தமிழில், ஆளுக்கொரு பக்கம் எழுதினால் என்ன? கணிப்பொறி ஆய்வகத்தில் வாரம் ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்கித் தருமாறு நம் பேராசிரியர்களைப் பணிவன்புடன் வேண்டுகிறேன். எழுதிய பக்கத்தை வெளியிடுமுன் ஒருமுறை வீட்டில் படித்துக் காட்டுங்கள். திருத்துவதற்கு அங்கே ஆள் இருக்கிறார்.