இடம் மாறினும் அடையாளம் மாறாமை

நாம் ஒரு கருவியைக் கணிப்பொறியின் ஒரு வாயிலினின்று நீக்கி மற்றொன்றிற் செருகினால், அது பழையதே என்று பொறி எங்ஙனம் அறியும்? யூ.எஸ்.பி. கருவி ஒவ்வொன்றும் ஆக்கியோர் எண், பொருள் எண் என 16 பிட் அளவுடைய இரண்டைத் தாங்கும். இவை ஓரினக் கருவிகட்கெல்லாம் பொது. தனி வரிசை எண்ணே ஒன்றைப் பிறவற்றினின்று பிரிப்பது. அஃதில்லாததை வாயில் மாற்றிச் செருகின் விண்டோஸ் புதியதென்றே கொள்ளும்.

லினக்ஸில் 'எஸ்.டி.ஏ.', 'எஸ்.டி.பி.' என்னும் வட்டுப் பெயர்கள் கண்டறியப்படும் வரிசைபற்றி வருவன. மறுமுறை தொடங்குங்கால் மாறவுங்கூடும். அவற்றை நம்பி ஒரு வட்டை அழிக்கப் புகுவோமாயின், நாம் எழுதிவைத்தன யாவற்றையும் இழத்தலும் நேரும். ஆதலின் வட்டிற் பொறித்த 128 பிட் யூ.யூ.ஐ.டி. எண்ணை நோக்கித் தெளிதல் வேண்டும். இடத்தால் அறிதல் எளிது. இயல்பால் அறிதலே உறுதி என்க.